வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருடமாக வீட்டில் உட்கார்ந்து தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுத்துவருகிறேன். இதைத்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் என்பார்கள். நடுநடுவே, தகவல்களைக் கணினியில் உள்ளிடும் டேட்டா என்ட்ரியும் உண்டு. தெரிந்தவர், தெரியாதவர் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்த வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் கைக்குழந்தையோடு இருப்பவர்கள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், ஊரைவிட்டு வெளியே போக முடியாதவர்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் "ஒரு பக்கம் டைப் செய்தால் 40 ரூபாய்" என்று வருகிறதே, அந்த வடிவத்தில் இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அச்சடித்த பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் தமிழாக இருந்தாலும் எழுத்தாக மாற்றித்தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கூகுள் டிரைவிலேயே அந்த வசதி உண்டு. அப்படியிருக்க, படத்தைப் பார்த்து அப்படியே அடிப்பதற்கு ஒருவர் எதற்குப் பக்கத்துக்கு 40 ரூபாய் கொடுக்கப்போகிறார்?

மனிதக் கண்ணும் காதும் தேவைப்படும் இடத்தில்தான் இன்று வேலை இருக்கிறது. கையால் எழுதிய சர்வே படிவங்கள், பழைய பேரேடுகள், ஒரே பெயர் நான்கு விதமாகப் பதிவாகியிருக்கும் பட்டியல்கள், கடைகளின் பொருள் விவரத்தை இணையதளத்தில் ஏற்றுவது, இரைச்சலோடு பதிவான நேர்காணல்கள் என்று இப்படித்தான் வரும்.

பதிவுக் கட்டணம், டெபாசிட் கேட்கிறார்களே, கட்டலாமா?

கட்டாதீர்கள். 99 ரூபாயாக இருந்தாலும் கட்டாதீர்கள். "பயிற்சிக் கட்டணம்", "ஐடி ஆக்டிவேஷன்", "திருப்பித் தரப்படும் தொகை" என்று பெயர்தான் மாறும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் ஒரு நிறுவனத்தின் ஃபார்ம் ஃபில்லிங் வேலையை எடுத்தேன். ஆறு நாளில் 500 படிவம், 90 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சாஃப்ட்வேருக்கான செலவை நான் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். படிவங்களில் இருந்ததெல்லாம் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள், பாதி அழிந்த எண்கள். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து 500ஐயும் முடித்தேன். கடைசி நாள் லாகின் திறக்கவில்லை. அப்புறம் ஃபோன் வந்தது: "உங்கள் அக்யூரசி 84 சதவீதம், 5,900 ரூபாய் கட்டுங்கள்." எந்தப் படிவத்தில் என்ன தப்பு என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் வக்கீல் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேசினார். வீட்டில் சொல்லப் பயந்து, சீட்டுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்தத் தந்திரத்தின் முடிச்சு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். பிழையைக் கணக்கெடுப்பவரும் அவர்தான், அபராதம் வாங்குபவரும் அவர்தான். நீங்கள் எவ்வளவு சரியாகச் செய்தாலும் அந்த 90ஐத் தொடவே முடியாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது வக்கீல் நோட்டீஸ், போலீஸ் என்று மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

முதலில், பணம் அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பினால் அடுத்த தொகைக்குக் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள்.

இரண்டாவது, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். "கணவருக்குச் சொல்வோம், அப்பாவுக்கு நோட்டீஸ் போகும்" என்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். நீங்களே சொல்லிவிட்டால் அது போய்விடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த இடத்தில் உங்களுக்குத் துணை நிற்கிறது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது பிரிவு 19. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தால்கூட, நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதற்கு மேல் கேட்க முடியாது என்கிறது பிரிவு 74. வேலையை முடிக்கவில்லை என்பது குற்றமும் அல்ல, அதற்காக யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது. பார்க்கப்போனால் ஏமாற்றுதல்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318இன் கீழ் குற்றம். எந்த நீதிமன்றமும் ஜிபே எண் கொடுத்து "ரெண்டு மணி நேரத்துக்குள் பணம் அனுப்பு" என்று சொல்லாது.

சாட்டிங், அழைப்பு எண்கள், ஒப்பந்தம், பணம் போன ரசீது எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1930 என்ற சைபர் உதவி எண்ணை அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணம் வேறு கணக்குக்குப் போவதற்குள் முடக்க வழியிருக்கும். உண்மையான வக்கீலிடமிருந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தால் மட்டும், அதை ஒதுக்கிவிடாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

நிறுவனம் நிஜமா பொய்யா என்று எப்படிப் பார்ப்பது?

ஜிஎஸ்டி எண் கேளுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், பதிவான தேதி எல்லாம் இலவசமாகத் தெரியும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் தேடலாம். ஆனால் மற்றவர் பெயரையும் எண்ணையும் திருடிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்தப் பதிவில் இருக்கும் முகவரியும் உங்களோடு பேசுபவரின் மின்னஞ்சலும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

டெலிகிராமில் "வீடியோவுக்கு லைக் போடு, 50 ரூபாய்" என்று ஆரம்பித்து, முதல் இரண்டு நாள் நிஜமாகவே பணம் போட்டு, பிறகு "பிரீபெய்ட் டாஸ்க்" என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்வது இன்னொரு வகை. உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

எவ்வளவு வேகம் வேண்டும்? லோயர், ஹையர் முடித்திருக்க வேண்டுமா?

சான்றிதழை யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பயிற்சி இருப்பவர்களின் கை தனியாகத் தெரியும். தமிழ்நாடு அரசின் தட்டச்சுத் தேர்வில் ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். ஹையர் வேகம் இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். பக்கத்தில் இன்ஸ்டிடியூட் இருந்தால் ஆறு மாதம் போய்வாருங்கள். விசையைப் பார்க்காமல் அடிக்கும் பழக்கத்தை வேறெங்கும் இவ்வளவு மலிவாகக் கற்றுக்கொள்ள முடியாது.

டேட்டா என்ட்ரியில் எண்கள்தான் அதிகம். வலது பக்க எண் பலகையைப் பார்க்காமல் அடிக்கப் பழகுங்கள். எக்செலில் டூப்ளிகேட் நீக்குவது, தப்பான விவரம் உள்ளே போகாமல் தடுக்கும் டேட்டா வேலிடேஷன், ஒரு பட்டியலிலிருந்து விவரத்தைத் தேடி எடுக்கும் விலுக்கப் (VLOOKUP) இந்த மூன்றும் தெரிந்தால் போதும், வெறும் டைப்பிங் தெரிந்தவரைவிட நல்ல கூலி கேட்கலாம்.

தமிழ் டைப்பிங்கிற்கு எந்த விசைப்பலகை?

தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட தரம் அது. உயிரெழுத்து இடது கையில், மெய்யெழுத்து வலது கையில். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக வந்துவிடும். 'பக்கம்' என்று எழுத 'க'வுக்குப் புள்ளி வைக்கத் தனியாக ஒரு விசை தட்ட வேண்டியதில்லை. நாள் முழுக்க அடிப்பவர்களுக்கு இந்த மிச்சம் பெரியது. தமிழ் லோயர் முடித்தவர்கள் பழைய தட்டச்சு முறையிலேயே தொடரலாம். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் இரண்டும் உண்டு. "அம்மா" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றும் முறை கடிதம் எழுத நன்றாக இருக்கும். நாளைக்கு ஐயாயிரம் சொல் எழுத வேண்டுமென்றால் கை ஓய்ந்துவிடும்.

எழுத்துரு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அச்சகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும், அரசு அலுவலகக் கோப்புகள் வானவில் என்ற எழுத்துருவிலும் இருக்கும். உங்கள் கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம், எல்லாக் கணினியிலும் தெரியும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளை மட்டும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள், அங்கேதான் உடையும். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே "யூனிகோடா, பாமினியா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

டிரான்ஸ்கிரிப்ஷனில் ஒரு மணி நேர ஆடியோவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

புதியவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். கை பழகியவர்களுக்குத் தெளிவான ஆடியோ என்றால் நான்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் கூலி பேசினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஏன் அவ்வளவு நேரம் என்பதற்கு என் மேசையிலிருந்தே ஒரு துண்டு சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அம்மாவிடம் கிணறு வற்றியதைப் பற்றி எடுத்த நேர்காணல். பின்னால் கோழி கத்துகிறது, குக்கர் விசில் அடிக்கிறது. அந்த அம்மா சொல்கிறார்: "அப்பெல்லாம் கெணத்த எட்டிப் பாத்தா மொகந் தெரியுமுங்க. இப்ப எரநூறடி போட்டாலும் பொகதானுங்க வருது." அந்த 'பொக'வைப் பிடிக்க ஏழு தடவை பின்னால் ஓட்டினேன். கணினி அதைப் 'பகை' என்று எழுதியிருந்தது. போர்வெல் போடும்போது தண்ணீர் இல்லாமல் மண்தூசி புகைபோலக் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது 'புகை' என்று புரியும். எட்டு நொடிப் பேச்சு, மூன்று நிமிடம் போய்விட்டது.

இதை எப்படி எழுதுவது என்பது வேலை கொடுப்பவரைப் பொறுத்தது. பேசியதைப் பேசியபடியே, "அது வந்து... வந்து" என்ற இழுவை உட்பட எழுதுவது ஒரு வகை. அதை ஃபுல் வெர்பேட்டிம் என்பார்கள். இழுவையையும் திக்கலையும் நீக்கி எழுதுவது க்ளீன் வெர்பேட்டிம். வட்டார வழக்கை அப்படியே வைக்கவா, பொதுத் தமிழுக்கு மாற்றவா என்று தொடங்குமுன் கேளுங்கள். முடித்துக் கொடுத்தபின் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து உட்கார வேண்டியிருக்கும். காதில் தெளிவாக விழாத இடத்தில் ஊகித்து எழுதாதீர்கள், நேரத்தைக் குறித்து 'தெளிவாகக் கேட்கவில்லை' என்று போடுங்கள். நேர்மையாகப் போட்ட அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் என்னிடம் இரண்டு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

காதை மூடும் நல்ல வயர் ஹெட்போன். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மென்பொருளுக்கு ஓடிரான்ஸ்கிரைப் என்ற இலவசத் தளம் போதும். ஆடியோவும் எழுதும் பக்கமும் ஒரே திரையில் இருக்கும். எஸ்கேப் விசை நிறுத்தவும் ஓட்டவும், எஃப்1 பின்னால் போக, எஃப்3 வேகத்தைக் குறைக்க. கையை எடுக்காமலே ஓடும். ஆடியோவைக் காலால் நிறுத்தி ஓட்டும் பெடல் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுத் தளங்களில் சேரலாமா?

சேரலாம். கோடிரான்ஸ்கிரிப்ட், டிரான்ஸ்கிரைப்மீ போன்றவை சோதனை வைத்து ஆளெடுக்கின்றன, சேரப் பணம் கேட்பதில்லை. டிரான்ஸ்கிரைப்மீ தன் விளம்பரத்தில் ஒரு மணி நேர ஆடியோவுக்கு 15 முதல் 22 டாலர் என்று சொல்லிவந்தது. அது ஆடியோ மணி, உங்கள் உழைப்பு மணி அல்ல. 15 டாலர் வேலைக்கு ஆறு மணி நேரம் பிடித்தால் மணிக்கு இரண்டரை டாலர்தான் கையில் நிற்கும். அமெரிக்க, ஆஸ்திரேலிய உச்சரிப்பு காதுக்குப் பழகாதவர்களுக்கு அதுவும் கஷ்டம். தனியாக வேலை செய்பவர்களுக்கான ஃபைவர் தளத்தில் சொந்தமாக விளம்பரம் போடலாம், வருமானத்தில் 20 சதவீதம் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இணையத்தில் பணம் அனுப்பும் சேவையான பேபால், இந்தியாவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் அனுப்பும் வசதியை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

இந்தத் தளங்களில் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் போட்டி போடுகிறார்கள். அங்கே நீங்கள் பெருங்கூட்டத்தில் ஒருவர்தான். அதனால்தான் அடுத்த கேள்விக்கு நான் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

தமிழில் யார் வேலை கொடுப்பார்கள்?

நெல்லைப் பக்கத்துக்காரர் "அவிய வந்தாவ" என்றால் உங்களுக்கு நொடியில் புரிகிறது, இல்லையா? அந்தக் காதுக்குத்தான் இங்கே கூலி.

முதலில் ஆய்வு மாணவர்கள். சமூகவியல், பொருளாதாரம், பொது சுகாதாரம், மானுடவியல் படிப்பவர்கள் கிராமம் கிராமமாகப் போய் 40, 50 நேர்காணல் எடுத்துவருவார்கள். அதை எழுத்தாக்க அவர்களுக்கு நேரமிருக்காது. சென்னை ஐஐடியின் மனிதவியல், சமூக அறிவியல் துறை, எம்ஐடிஎஸ் எனப்படும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் துறை என்று தமிழ்நாட்டில் களஆய்வு நடத்தும் இடங்களுக்குக் குறைவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து தமிழ்நாட்டைப் பற்றி ஆராய்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எழுத்தாக்கத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுக்க முடிந்தால் கூலி இரட்டிப்பாகும். நான் முதல் வேலையைப் பிடித்தது இப்படித்தான். துறையின் இணையப் பக்கத்தில் மாணவர்களின் ஆய்வுத் தலைப்பைப் பார்த்து, தமிழ்நாடு சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் போட்டேன். 20 பேருக்குப் போட்டதில் பதில் வந்தது மூன்று, வேலை கிடைத்தது ஒன்று. அந்த ஒருவர் தன் தோழிகளிடம் சொன்னார்.

அடுத்து தொண்டு நிறுவனங்கள். குழு விவாதங்களின் பதிவு அவர்களிடம் நிறைய இருக்கும். பிறகு பதிப்பகங்கள்: வயதான எழுத்தாளர்கள் இன்னமும் கையால் எழுதுகிறார்கள், பழைய புத்தகங்களை மறுபதிப்புக்கு மீண்டும் உள்ளிட வேண்டியிருக்கிறது. ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மூன்று மாதம் அங்கே வேலை குவியும், ஆகஸ்டிலேயே கேட்டுவையுங்கள். யூடியூப் சேனல்களுக்கு சப்டைட்டில் எழுதுவதும் இருக்கிறது, ஆனால் சின்னச் சேனல்களில் பணம் வரத் தாமதமாகும்.

முன்னனுபவம் இல்லையே என்பவர்கள் தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் ஒரு மாதம் மெய்ப்பு பாருங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட புத்தகங்கள் அங்கே தன்னார்வலர்களால் திருத்தப்படுகின்றன. காசு வராது. ஆனால் நீங்கள் திருத்திய ஒவ்வொரு பக்கமும் உங்கள் பெயரில் பதிவாகும். "என் வேலையைப் பாருங்கள்" என்று காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை.

ஏஐ வந்துவிட்டதே, இனி இந்த வேலை இருக்குமா?

வேலை மாறிவிட்டது. 2022 செப்டம்பரில், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐ மென்பொருள் வந்த பிறகு தெளிவான ஆங்கில ஆடியோவுக்கு ஆள் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. தமிழிலும் செய்தி வாசிப்பு மாதிரியான பேச்சை இயந்திரம் நன்றாகவே எழுதுகிறது. வட்டார வழக்கு, நான்கு பேர் சேர்ந்து பேசுவது, பாதித் தமிழ் பாதி ஆங்கிலம் என்றால் தடுமாறுகிறது. அதனால் இப்போது "இயந்திரம் எழுதியதைத் திருத்திக் கொடுங்கள், பாதிக் கூலி" என்று வருகிறார்கள். ஐந்து நிமிட மாதிரியைத் திருத்திப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். மோசமான வரைவைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இன்னொரு பக்கம், அந்த இயந்திரங்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் வேலை வளர்கிறது. இந்திய மொழிகளுக்கு ஏஐ உருவாக்கும் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத், மத்திய அரசு 2022இல் தொடங்கிய பாஷினி போன்ற திட்டங்களுக்காகப் பல மாவட்டப் பேச்சுகள் சேகரிக்கப்படுகின்றன. பேச்சைப் பதிவு செய்வது, எழுத்தாக்குவது, சரிபார்ப்பது என்று அதில் ஆள் தேவைப்படுகிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உங்களிடம் வரும் நேர்காணலில் ஒருவர் தன் கடனை, நோயை, வீட்டில் வாங்கிய அடியைப் பற்றி அழுதுகொண்டே பேசியிருப்பார். வேலை சுலபமாகிறதே என்று அதைக் கண்ட இலவசத் தளத்தில் ஏற்றாதீர்கள். கொடுத்தவரின் அனுமதி கேளுங்கள். வேலை முடிந்து பணம் வந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

மொபைல் மட்டும்தான் இருக்கிறது. முடியுமா?

குரல் பதிவு, படங்களுக்குக் குறிப்பெழுதுவது போன்றவை முடியும். பெங்களூரின் கார்யா என்ற அமைப்பு மொபைல் வழியாகவே இந்திய மொழி வேலைகளைக் கொடுக்கிறது. டிரான்ஸ்கிரிப்ஷன் முடியாது. இணையதளங்களில் வரும் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கும் கேப்ட்சா டைப்பிங் பக்கம் போகாதீர்கள், ஆயிரம் கேப்ட்சாவுக்கு ஒரு டாலர்கூடத் தேறாது, கண்தான் கெடும். பழைய லேப்டாப் ஒன்றைத் தவணையில் வாங்க முடியுமா என்று பாருங்கள்.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கோர்ஸ் சேரலாமா?

பெரிய தொகை கட்டி இப்போது சேர வேண்டாம். டாக்டர்கள் பேசுவதை மென்பொருளே எழுத, ஆட்கள் திருத்துவது என்று அந்தத் துறை மாறிவிட்டது. ஆளெடுத்து, தாங்களே பயிற்சி கொடுக்கும் நிறுவனம் கிடைத்தால் போங்கள்.

வரி கட்ட வேண்டுமா?

2025-26 நிதியாண்டில் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. சேவைக்கு ஜிஎஸ்டி பதிவும் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். ஆனால் நிறுவனங்கள் கூலியிலிருந்து முன்கூட்டியே வரியை (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்ப வரும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு கூலி கேட்பது, எப்படிக் கேட்பது?

மணிக்கணக்கில் யோசித்து, ஆடியோ நிமிடக்கணக்கில் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 20 ரூபாய் என்றால் ஒரு மணி நேர ஆடியோவுக்கு 1,200. ஆறு மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு 200. அதே ஆடியோ இரைச்சலாக இருந்து பத்து மணி நேரம் இழுத்தால் மணிக்கு 120தான். ஆகவே ஆடியோவைக் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். புதியவரிடம் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்பதில் தப்பே இல்லை. நான் இன்றும் கேட்கிறேன்.

முதல் மின்னஞ்சலை எப்படி எழுதுவது என்று தயங்குபவர்களுக்கு, நான் அனுப்பும் கடிதத்தையே தருகிறேன். பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். தங்கள் ஆய்வு டெல்டா விவசாயத் தொழிலாளர்களைப் பற்றியது என்று துறைப் பக்கத்தில் படித்தேன். நான் திருவாரூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நேர்காணல்களை யூனிகோடில், நேரக்குறிப்போடு எழுத்தாக்கித் தருகிறேன். தங்கள் பதிவிலிருந்து ஏதாவது ஐந்து நிமிடத்தை அனுப்பினால், கட்டணமின்றி எழுதி நாளை மாலைக்குள் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பதிவுகளை வேறு யாரிடமும் பகிரமாட்டேன்."